முதல் ராக் ஆல்பத்துக்கு டிரம்ஸ் பதிவா? போகும்போது அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள்

எங்கள் நால்வர் குழுவின் முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸை இரண்டு முறை பதிவு செய்தோம். முதல் பதிவு 26,000 ரூபாயோடு குப்பைக்குப் போயிற்று. ஸ்நேர் (அடியில் கம்பிகள் கட்டிய சின்ன டிரம்) ஒலி எவர்சில்வர் தூக்குவாளியைக் கரண்டியால் தட்டியதுபோல் இருந்தது. கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) காலி அட்டைப்பெட்டி. கிதாரைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். சேர்த்தோம். அட்டைப்பெட்டி காணாமல் போய்த் தூக்குவாளி மட்டும் மிஞ்சியது.

கைக்காசைப் போட்டு முதல் ஆல்பம் பதிவு செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படி வாசிப்பது, எந்தக் கம்பெனி செட் உயர்ந்தது என்ற சண்டைகளுக்குள் போகப் போவதில்லை. எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும், எங்கே பணம் ஒழுகும், எங்கே நேரம் கரையும் என்பது மட்டும்.

1. முதலில் அறை

சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல பாட்டுக்கும் டப்பிங்குக்கும் கட்டியவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று பாடும் அளவுக்கு ஓர் அறை, சுவரெங்கும் பஞ்சு, தாழ்ந்த கூரை. குரலுக்கு அது போதும். டிரம் செட்டை அதற்குள் திணித்தால் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளின் ஒலி கூரையில் மோதி உடனே மைக்குக்குத் திரும்பிவிடும். மேலே தொங்கும் மைக்குக்கும் கூரைக்கும் நடுவே அரை மீட்டர்தான் இருக்கிறது என்று வையுங்கள். கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, நேரே வந்த ஒலிக்குப் பின்னால் சுமார் 3 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும். அவ்வளவு சிறிய இடைவெளியைக் காது பிரித்துக் கேட்காது. இரண்டும் கலந்து ஒன்றையொன்று தின்றுவிடும். மொத்த செட்டும் குழாய்க்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஆகிவிடும். மிக்ஸிங்கில், அதாவது பதிவானவற்றைப் பிறகு கலக்கும்போது, இதற்கு மருந்து கிடையாது. எங்கள் முதல் பதிவுக்கு வந்த நோய் இதுதான்.

அந்த அறையில் நாங்கள் கேட்டது என்ன தெரியுமா? லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பத்து டிரம்ஸ். 1971இல் வந்த அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு, இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டின் கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே செட்டைப் போட்டார்கள். இரண்டு மைக்குகளை மாடிப்படியின் உயரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். அவர்களின் டிரம்மர் ஜான் போனம் வைத்திருந்த கிக் 26 அங்குலம். நாங்கள் எட்டடிக் கூரையின் கீழ் 20 அங்குலக் கிக்கை வைத்துக்கொண்டு அதே ஒலி வேண்டும் என்றோம். ஒலிப்பதிவாளர் நல்ல மனிதர், "முயற்சி செய்து பார்க்கலாம்" என்றார். அவர் முயன்ற மணி நேரங்களுக்கெல்லாம் நாங்கள் வாடகை கட்டினோம்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறை நேரில் போங்கள். டிரம்மர், ஒரு ஸ்நேர், ஒரு ஜோடி குச்சி, அளவு நாடா. வாசிக்கும் அறையின் கூரை எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் தகரம் அதிர்வதுபோல் 'ட்ர்ர்ர்' என்று ஒரு வால் வந்தால், இரண்டு வெற்றுச் சுவர்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன என்று பொருள். ஒரு சுவரில் கனமான திரையோ ஜமுக்காளமோ தொங்கவிட அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். பிறகு டிரம்மர் ஸ்நேரை அறையில் நான்கைந்து இடங்களில் வைத்து அடிக்கட்டும், நீங்கள் சுற்றி நடந்து கேளுங்கள். அதே ஸ்நேர் மூலையில் ஊதிப் பெருத்தும், இரண்டடி முன்னால் இழுத்தால் தெளிந்தும் கேட்கும். செட் போட வேண்டிய இடம் அப்படித்தான் தெரியவரும்.

பார்த்துவிட்டு உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள். எட்டு, ஒன்பது அடிக் கூரை என்றால் கிட்டத்தில் வைத்த மைக்குகளை நம்பிய, வால் இல்லாத, இறுக்கமான ஒலிதான் உங்களுக்கு வாய்க்கும். அது ஒன்றும் குறைவில்லை, அந்த ஒலியில் அருமையான ஆல்பங்கள் வந்திருக்கின்றன. பன்னிரண்டு அடிக்கு மேல் இருந்தால் செட்டிலிருந்து தள்ளி அறை மைக் வைத்துப் பெரிய ஒலிக்கு ஆசைப்படலாம்.

ஏசியை ஓடவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் நின்று, அதன் இரைச்சலையும் கேளுங்கள். மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, அந்த நேரத்துக்கும் வாடகை உண்டா என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

2. மாதிரிக்கு மூன்று ஆல்பம் போதும்

அறை தெரிந்த பிறகு மாதிரியைத் தேடுங்கள். வரிசையை மாற்றினால் எங்கள் கதைதான். குழுவில் ஆளுக்கு ஐந்து என்று இருபது பாட்டுகளை ஒலிப்பதிவாளருக்கு அனுப்பாதீர்கள். மூன்று ஆல்பம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எது பிடித்திருக்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத உட்காரும்போதுதான், நமக்குப் பிடித்தது டிரம் ஒலியா, அல்லது அந்தப் பாட்டா என்பது புரியும்.

வால் இல்லாத ஒலிக்கு பீட்டில்ஸின் 1969 ஆல்பமான 'அபே ரோடு' நல்ல மாதிரி. அவர்களின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார், டாம்கள் எனப்படும் நடுத்தர டிரம்களின் மேல் பாத்திரம் துடைக்கும் துணியைப் போர்த்தி வாசித்திருக்கிறார். தாழ்ந்த கூரைக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பெரிய அறை ஒலிக்கு நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்', 1991. லாஸ் ஏஞ்சலஸில் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவின் விசாலமான கூடத்தில் பதிவானது. அதில் டிரம்மர் டேவ் குரோல் அடித்த ஸ்நேர் வாடகைக்கு எடுத்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கு போடும்போது உதவும்.

எண்பதுகளின் அந்த 'டமார்' என்று வெடித்துச் சட்டென்று அறுந்துபோகும் ஒலியைப் பலரும் கேட்கிறார்கள். டிரம்மர் பில் காலின்ஸ் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒலி. அவரும் ஒலிப்பதிவாளர் ஹ்யூ பட்காமும் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில், 1980இல் வந்த பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்காக அதை உருவாக்கினார்கள். அறையின் எதிரொலியைக் கடுமையாக அழுத்திப் பெருக்கி, அது தானாக அடங்குவதற்கு முன்பே கத்தரித்துவிடுவது உத்தி. அந்த ஆல்பத்தில் சிம்பலே வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லியிருந்தார். உத்தி அவ்வளவு சுத்தமாகப் பலித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அறை மைக்கை அந்த அளவுக்கு அழுத்தும்போது கிராஷ் சிம்பல் ஒன்று விழுந்தால் ஒலி புயலாகிவிடும். ஆகவே இதைக் கேட்பதற்கு முன் டிரம்மரிடம் சிம்பலைத் துறக்கத் தயாரா என்று கேளுங்கள். எங்கள் டிரம்மர் பேச்சை மாற்றிவிட்டார்.

கெட்ட ஒலிக்கும் ஒரு மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. ஒலிப்பதிவாளருக்கு எது வேண்டாம் என்று காட்ட அதைவிடச் சுலபமான வழி இல்லை. உலகமே சொல்லும் பெயர் மெட்டாலிகா குழுவின் 'செயின்ட் ஆங்கர்', 2003. ஸ்நேரின் அடியில் உள்ள கம்பிகளைத் தோலிலிருந்து விலக்கிவிட்டு வாசித்ததால் 'டங்' என்று மணியடிக்கும். தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள், அதை ரசிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு அந்த ஒலி நன்றாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஏறத்தாழ 75 நிமிடம் அதே மணி, அதே சுருதியில் அடித்தால் கோயில் யானைக்குக்கூடப் பொறுக்காது. அதே குழுவின் 1988 ஆல்பத்தில் வேறு வகைக் கோளாறு. பேஸ் கிதார் கிட்டத்தட்டக் கேட்காது, கிக் மட்டும் தட்டச்சு இயந்திரம்போல் மேலே சொடுக்கும். இரண்டு காலாலும் வேகமாக வாசிக்கும் கிக்குக்கு அந்தச் சொடுக்கு தேவை. ஆனால் அடியில் தாங்க எதுவும் இல்லை. உங்கள் ஆல்பத்தில் அடித்தளம் பேஸா, கிக்கா என்பதைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. ஒலிப்பதிவாளரிடம் "பவர் வேண்டும்", "கொஞ்சம் உயிர் வேண்டும்" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொருவர் காதிலும் அந்தச் சொற்கள் வேறு வேறு பொருளில் விழும். ஸ்நேர் உயரமாகக் கேட்க வேண்டுமா, தாழவா? அடித்த பிறகு வால் எவ்வளவு நீளம்? காதுக்குப் பக்கத்திலா, பத்தடி தள்ளியா? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் அவர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பாட்டுக்கு ஒரு தாள். பெயர், நிமிடத்துக்கு எத்தனை தட்டு, பல்லவி சரணம் இடையிசை வரிசை, எந்த ஸ்நேர், எங்கே நிறுத்தம். இதை மூன்று பிரதி எடுங்கள்: டிரம்மருக்கு ஒன்று, ஒலிப்பதிவாளருக்கு ஒன்று, டேக் எண்களைக் குறிக்கும் ஆளுக்கு ஒன்று. எந்த டேக்கின் எந்தப் பகுதி நன்றாக இருந்தது என்று அங்கேயே எழுதாவிட்டால், இரவு பத்து மணிக்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது.

வழித்தடம். டிரம்மர் காதில் கேட்டு வாசிப்பதற்காக, கிதாரும் குரலும், வேகம் பிசகாமல் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக்கும் சேர்ந்த தற்காலிகப் பதிவு. வீட்டிலேயே செய்துவிடலாம். கிளிக்கைத் தனிக் கோப்பாகவும், கிதாரையும் குரலையும் தனியாகவும், வேவ் வடிவில், எல்லாக் கோப்புகளும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும்படி எடுத்துப்போங்கள். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே எம்பி3 கோப்பாகக் கொண்டுபோனோம். கிளிக் போதவில்லை, கூட்டுங்கள் என்று டிரம்மர் சொன்னபோது கிதாரும் சேர்ந்து கூடியது. அதைப் பிரித்துச் செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம் போயிற்று.

ஒப்பந்தம். ஒரு பக்கம் போதும், மின்னஞ்சலாக இருந்தாலும் சரி. தேதி, மணிக்கணக்கா ஷிப்ட் கணக்கா, செட்டைப் பூட்டும் நேரமும் வாடகையில் சேருமா, ஜிஎஸ்டி உண்டா, தேதியை மாற்றினால் முன்பணம் என்னாகும், தனித்தனி மைக்குகளின் கோப்புகள் முழுவதும் உங்களிடம் எப்போது தரப்படும். கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். கலந்து முடித்த ஒற்றைக் கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு, மற்றதற்குத் தனிக் கட்டணம் கேட்ட கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

டிரம்மர் குழுவில் இல்லாத, வெளியிலிருந்து வருபவர் என்றால் அவருக்கும் ஒரு கடிதம். எத்தனை பாட்டு, என்ன தொகை, எப்போது தரப்படும், ஆல்பத்தில் பெயர் எப்படி வரும், பதிவை நீங்கள் வெளியிட அவருடைய சம்மதம். கையெழுத்து வாசிப்பதற்கு முன்பு.

4. தோலும் சுருதியும்

இதற்குச் செலவழித்த பணம்தான் எனக்கு முழுமையாகத் திரும்பி வந்தது. பேருக்குத்தான் தோல், எல்லாம் பிளாஸ்டிக். பழைய தோலின் நடுவில் குச்சி பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்கும், அதில் சுருதி நிற்காது. ஸ்டூடியோவின் செட்டில் வாசிப்பதாக இருந்தால், தோல் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். "நன்றாகத்தான் இருக்கிறது" என்று பதில் வந்தால் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

ஸ்நேருக்கு மேலே வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைப் படலம், டாம்களுக்கு மேலே இரட்டைப் படலம் என்பது ராக் இசைக்குப் பழகிய தொடக்கம். ஸ்நேரின் அடித்தோல் மிக மெல்லியது. அதைக் கழற்றி மாட்டும்போது கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம்.

பதிவுக்கு முந்தைய நாளே புதுத் தோலை மாட்டிவிட வேண்டும். அன்றே மாட்டினால் வாசிக்க வாசிக்கத் தளர்ந்து, பாட்டின் தொடக்கத்தில் ஒரு சுருதியும் முடிவில் ஒரு சுருதியுமாக நிற்கும். திருகுகளைப் பக்கம் பக்கமாக முறுக்காமல், எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே விரலால் தட்டிக்கொண்டே வட்டமாகப் போங்கள். எல்லா இடமும் ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒரே ஒரு திருகு தாழ்ந்திருந்தாலும் அந்த டாம் 'டோவ்வ்வ்' என்று வழுக்கிக்கொண்டு போகும். கச்சேரியில் மிருதங்க வித்வான் பாட்டுக்குப் பாட்டு கல்லும் கொட்டாப்புளியுமாகச் சுருதி சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்த ஊரில், நாங்கள் காலையில் ஒரு முறை முறுக்கிவிட்டு இரவு வரை தொடாமல் வாசித்தோம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டாமை அடிக்கும்போது ஸ்நேரின் கம்பிகள் கூடவே சரசரக்கும். முழுக்க ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறினால் அந்த டாமின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். பாதிக்கு மேல் அடங்கிவிடும். ஸ்நேர் மணியடித்தால் ஓரத்தில் ஒரு துண்டு டேப், அதன் அடியில் மடித்த காகிதக் கைக்குட்டை. எங்களுக்குக் கைகொடுத்தது டிரம்மரின் பழைய வேட்டிக் கரையில் கிழித்த நாலு விரல் துணி. கிக்குக்குள் தலையணை வைத்தால் இரண்டு தோலையும் லேசாகத் தொடும் அளவுக்கு மட்டும். எங்கள் முதல் பதிவில் உள்ளே போர்வையை அடைத்திருந்தோம். அட்டைப்பெட்டி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

ஏசி ஓடி அறை குளிர்ந்த பிறகுதான் கடைசிச் சுருதி. உச்சி வெயிலில் வேனில் வந்த செட்டை இறக்கியவுடன் முறுக்கினால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் நகர்ந்திருக்கும்.

5. சிம்பலை அடக்குங்கள்

மேடையில் பழகிய டிரம்மர்கள் சிம்பலை ஓங்கி அடிப்பார்கள். பதிவில் அது ஸ்நேர், டாம், அறை என்று எல்லா மைக்குக்குள்ளும் புகுந்துவிடும். ஸ்நேரைக் கூட்டினால் ஹை-ஹாட்டும் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) கூடவே ஏறும். டிரம்மை ஓங்கியும் சிம்பலைத் தணித்தும் அடிப்பது ஒரு பழக்கம். பதிவுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே பயிற்சி அறையில் தொடங்க வேண்டும். கைப்பேசியை அறையின் மூலையில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். அதில் ஸ்நேரைவிட ஹை-ஹாட் பெரிதாகக் கேட்டால் இன்னும் தயாராகவில்லை. சிம்பல்களை ஒரு சாண் உயர்த்தி வைப்பதும் உதவும். முதல் இரண்டு நாள் டிரம்மர் முணுமுணுப்பார், பிறகு பழகிவிடும்.

6. மைக்: ஒரு கயிறு, ஒரு பொத்தான்

எந்த மைக் என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஸ்நேருக்கு ஷ்யூர் எஸ்எம்57, கிக்குக்கு ஏகேஜி டி112 போன்றவை பெரும்பாலான ஸ்டூடியோக்களில் இருக்கும், அவை போதும். நீங்கள் நேரில் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, மேலே தொங்கும் இரண்டு மைக்குகளும் ஸ்நேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணளவில் சரி என்று தோன்றும், நம்பாதீர்கள். இரண்டாம் முறை நாங்கள் ஒரு சணல் கயிற்றை எடுத்துப்போனோம். டிரம்மர் ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். நான் மறுமுனையை இடது மைக்கின் மூக்குவரை நீட்டி, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். பிறகு கயிற்றை வலது மைக்குக்குத் திருப்பினேன். முடிச்சு மைக்கைத் தாண்டி ஒரு கைமுழம் அந்தப் பக்கம் போயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒரே உயரம்! அந்த வித்தியாசத்துக்கு ஒலி ஒரு மில்லிநொடிக்கு மேல் முந்திப் பிந்தி வரும். ஸ்நேர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெலிந்து கேட்கும். ஒலிப்பதிவாளர் சிரித்துக்கொண்டே ஸ்டாண்டை நகர்த்தினார். மறுநாள் காலையில் அவரே கயிற்றைக் கேட்டார்.

இரண்டாவது, ஸ்நேரின் மேலும் கீழும் மைக் வைத்தால், கீழ் மைக்கின் அலையைத் தலைகீழாக்க வேண்டும். குச்சி விழும்போது மேல்தோல் மேல் மைக்கை விட்டு விலகுகிறது, கீழ்த்தோல் கீழ் மைக்கை நோக்கி வருகிறது. அப்படியே கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஸ்நேரின் வயிறு காலியாகிவிடும். கருவியில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்தியும் விட்டும் கேளுங்கள், எது கனமாக இருக்கிறதோ அது சரி. கிக்கையும் மேல் மைக்குகளையும் சேர்த்துக் கேட்கும்போதும் இதையே செய்து பாருங்கள். பத்து நொடி வேலை, ஆனால் கேட்காவிட்டால் சில இடங்களில் செய்ய மாட்டார்கள்.

எல்லா மைக்கும் வைத்த பிறகு, மேலே உள்ள இரண்டை மட்டும் திறந்து கேளுங்கள். அந்த இரண்டில் செட் அழகாகக் கேட்காவிட்டால் மற்றவற்றைத் திறக்க வேண்டாம். செட்டுக்கே திரும்பிப் போய்த் தோலையும் இடத்தையும் பாருங்கள்.

7. பதிவு நாள்: நேரம் எப்படிப் போகும்

எட்டுப் பாட்டுக்கு இரண்டு நாள் எடுத்தோம். முதல் நாள் காலை ஒன்பதுக்கு உள்ளே போனால், செட் பூட்டி, சுருதி சேர்த்து, மைக் வைத்து, ஒலி பார்த்து முடிக்கவே மதியம் ஒன்று ஆகிவிடும். இதைச் சுருக்கப் பார்க்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பாட்டு. செட்டைக் கலைக்காமல் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் ஐந்து பாட்டு. இரவில் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிட மாட்டார்களே என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓங்கி வாசிக்கும் டிரம்மரின் கை நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கடினமான பாட்டை இரண்டாவதாக வையுங்கள், கடைசியாக வைக்காதீர்கள். ஒரு பாட்டுக்கு ஆறு டேக். அதற்குள் வராவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஸ்நேரின் சுருதியைச் சரிபாருங்கள்.

ஒரு பொறி. டிரம்மர் கிளிக்கைச் சத்தமாக வைத்துக் கேட்பார், ஹெட்போன் ஒழுகும். சத்தமான இடங்களில் தெரியாது. எங்கள் கடைசிப் பாட்டின் முடிவில் சிம்பல் மெல்ல அடங்கும்போது பின்னால் 'டிக்... டிக்... டிக்...' என்று கேட்கும். இன்றும் கேட்கிறது, எடுக்க முடியவில்லை. காதை முழுக்க மூடும் ஹெட்போன் கேட்டு வாங்குங்கள். கடைசி அடியோடு கிளிக் நின்றுவிடும்படி ஒலிப்பதிவாளரிடம் சொல்லுங்கள். ஏசியையும் அந்த இடத்தில் நிறுத்திவிடலாம்.

வேலை முடிந்ததும் மைக்குகளைக் கழற்றவிடாமல் பதினைந்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்நேர், கிக், ஒவ்வொரு டாம் என்று தனித்தனி அடிகள்: மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு. ஒவ்வொரு அடியும் முழுக்க அடங்கிய பிறகே அடுத்தது. "பிறகு சாம்பிள் போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சு, அதாவது வாசித்த அடிக்குப் பதில் முன்பே பதிந்த ஒற்றை அடியை ஒட்டும் பேச்சு, மிக்ஸிங்கில் நிச்சயம் வரும். அப்போது யாரோ ஒருவரின் ஸ்நேருக்குப் பதில் உங்கள் ஸ்நேரே கையில் இருக்கும். ஒரே அடியை எல்லா இடத்திலும் ஒட்டினால் இயந்திரத் துப்பாக்கியாகிவிடும், அதனால்தான் ஐந்தாறு கேட்கிறேன்.

8. செலவு

இரண்டாம் முறை எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் மாறும். அறை மணிக்கு 1,800 ரூபாய், நாளுக்கு 8 மணி நேரம், இரண்டு நாளுக்கு 28,800. 18 சதவீத ஜிஎஸ்டி 5,184 சேர்ந்து 33,984. இந்த 5,184 முதலில் பேசிய தொகையில் இல்லை, ரசீதில்தான் கண்ணில் பட்டது. தோல்கள் 8,600. ஸ்நேர் வாடகை இரண்டு நாளுக்கு 2,000. சுருதி சேர்க்க வந்த அனுபவசாலிக்கு 3,000, கொடுத்ததிலேயே மலிவு அதுதான். வண்டிக்கு 1,400, ஹார்டு டிஸ்க் 4,500, சாப்பாடும் டீயும் 2,100. மொத்தம் 55,584.

பணம் குறைவாக இருந்தால் பாட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சொந்த ஸ்நேர் நன்றாக இருந்தால் வாடகையை விட்டுவிடலாம். தோலையும் சுருதிக்காரரையும் வெட்ட வேண்டாம்.

9. கோப்புகளை வாங்காமல் வெளியே வராதீர்கள்

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி ஆகும். பத்து மைக், நாலு நிமிடப் பாட்டு என்றால் ஒரு டேக் சுமார் 346 எம்பி. எட்டுப் பாட்டுக்கு ஆறு ஆறு டேக் என்றால் 17 ஜிபியை நெருங்கும். "நாளைக்கு அனுப்புகிறேன்" என்பதற்கு ஒப்புக்கொள்ளாமல், டிஸ்க்கைக் கையில் கொடுத்து, நகல் முடியும்வரை உட்கார்ந்திருங்கள். டிஸ்க் எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும். பழைய பென் டிரைவ்கள் ஃபேட்32 வடிவில் இருக்கலாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது.

வீட்டுக்கு வந்த அன்றே இரண்டாவது நகல், வேறொருவர் வீட்டில்.

10. மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும்

ஒரு வாரம் கேட்காமல் இருந்துவிட்டு ஆரம்பியுங்கள். முதல் வடிவம் வர இரண்டு வாரம், திருத்தங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை சுற்றுத் திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு மூன்று சுற்று. முதல் சுற்றை "ஸ்நேர் இன்னும் கொஞ்சம்" என்று சொல்லியே வீணாக்கினோம். திருத்தத்தை நிமிடம், நொடியோடு எழுதுங்கள்.

மாதிரி ஆல்பத்தோடு ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். மாஸ்டரிங் (வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலை) முடிந்த ஆல்பம் எப்போதும் சத்தமாக இருக்கும். அதைக் கேட்டு மிரண்டு, நம்முடையதையும் ஏற்றச் சொன்னால் முதலில் அடிபடுவது டிரம்ஸ்தான். ஸ்நேரின் முனை மழுங்கி, சிம்பல் மணல் அள்ளி வீசியதுபோல் ஆகிவிடும். ரஷ் குழுவின் 2002 ஆல்பம் 'வேப்பர் டிரெயில்ஸ்' இப்படி நெரிந்துபோய், 2013இல் முழுவதையும் மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். ஸ்பாட்டிஃபை, கேட்பவர் அந்த வசதியை அணைத்து வைக்காதவரை, எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டிச் சமன் செய்துதான் ஒலிக்கவிடுகிறது. அதிகம் ஏற்றினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், மழுங்கியது மழுங்கியதுதான்.

மாஸ்டர் வந்ததும் கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு முறை, காரில் ஒரு முறை கேளுங்கள். கைப்பேசியில் கிக் கொஞ்சமாவது தெரிய வேண்டும், காரில் ஸ்நேர் காதைக் குத்தக் கூடாது. கடைசித் தவணையை அதன் பிறகு கொடுங்கள்.